இடைச்செருகலா, மூலபாடமா? தூத்துக்குடியில் கூடிப்போகும் ஒரு நாள்

காரில் தென்கரைப் பயணம் போகிறவர்கள் போடும் அட்டவணைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் ராமேஸ்வரம், இரண்டாம் நாள் திருச்செந்தூர், மூன்றாம் நாள் கன்னியாகுமரி. முதலிரண்டு ஊர்களுக்கும் நடுவே அடைப்புக்குறிக்குள் ‘வழியில் தூத்துக்குடி, மக்ரூன் வாங்கணும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த அடைப்புக்குறி வெடித்து முழுசாக ஒரு நாளாகப் பெருகிவிடுவது உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள். கல்வெட்டுக்கு ஆய்வாளர் இருக்கிறார்கள். கோயில் தூணுக்கு இருக்கிறார்கள். இட்லியின் பூர்விகம் எது என்பதில்கூட அறிஞர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். கூடுதல் நாளை மட்டும் ‘மாட்டிக்கிட்டோம்’ என்ற ஒற்றை வினைமுற்றில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஏடு பதிப்பிப்பவர்கள் தமக்குப் பொருந்தாத வரியைக் கண்டால் இடைச்செருகல் என்று ஒதுக்குவார்கள். பயணிகளும் அந்த நாளை அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். துறைமுக ஊரைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு தலைகீழானது என்பது என் துணிபு. கூடிப்போன நாளே மூலபாடம். குறித்த வேளையில் வந்து குறித்த வேளையில் போகும் நாள்தான் பிற்காலத்தார் செருகியது.

முதலில் வரையறை. கூடுதல் நாள் என்பதில் ‘கூடுதல்’ எளிது, ‘நாள்’தான் சிக்கல். நம் மரபில் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்கி அறுபது நாழிகை ஓடும். லாட்ஜில் அது வாடகையாளர் சாவி வாங்கும்போது தொடங்கி இருபத்து நான்கு மணி நேரம் ஓடும். ராத்திரி பதினொன்றரைக்கு வந்தவருக்குப் பொழுது விடிவதே ராத்திரி பதினொன்றரைக்குத்தான். கொஞ்சம் பெரிய ஓட்டல்களிலோ பகல் பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இந்த நண்பகல் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கப்பல்களில் ஒரு காலத்தில் நாள் நண்பகலில்தான் மாறியது. உச்சிச் சூரியனை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் குறிக்கும் வேளை அது. பிரிட்டிஷ் கடற்படை 1805-இல்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டு நள்ளிரவுக்கு மாறியது. ஆக, கடற்படையே கைவிட்ட நாட்கணக்கை ஓட்டல் வரவேற்பு மேசை இன்றும் கட்டிக்காத்து வருகிறது என்பது கவனத்துக்குரியது. (இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் சான்றில்லை. போலி ஆய்வில் இவ்வளவு நேர்மை போதும்.) இனி விலக்குகள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கென்றே தங்குகிறவர் நாள் இதில் சேராது; அது திட்டம். 2023 டிசம்பர் வெள்ளமும் சேராது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, சாலை அறுந்து, ரயில் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக் கிடந்த அந்த நாட்களுக்குப் பேரிடர் என்று பெயர். விளையாட்டுக் கட்டுரை அதைத் தொடக்கூடாது.

சான்றுகளுக்கு வருவோம். இந்தப் பகுதியின் துறைமுகங்கள் எல்லாமே காத்திருப்பில் பிறந்து காத்திருப்பில் முடிந்தவை. பாண்டியரின் கொற்கை ஒரு காலத்தில் கடல்வாய்த் துறை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பின்வாங்க, இன்று அது கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலும் வாழையுமாக இருக்கிறது. கப்பலுக்காகக் காத்திருந்த ஊரிலிருந்து கடலே கிளம்பிப் போய்விட்டது. அடுத்து வந்த காயலை மார்க்கோ போலோ தன் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அதற்கும் அதே கதி. கால்டுவெல் இவ்விரண்டு இடங்களிலும் தோண்டிப் பார்த்து எழுதினார். மூன்றாவதாக வந்ததுதான் தூத்துக்குடி. அந்தப் பழைய காலத்தில் காத்திருப்பின் அளவே வேறு. தென்மேற்குக் காற்றில் வந்த மேற்கத்தியக் கப்பல் திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். நடுவில் இருப்பது ஒரு நாளில்லை, மாதங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் எல்லை கட்டியது உள்நாட்டு விருந்தாளிக்கு. கடல்வழி வந்தவனிடம் அந்தப் பழமொழியைச் சொல்லியிருந்தால், காற்றிடம் போய்ச் சொல் என்றிருப்பான். கடலின் ஏற்ற இறக்கந்தான் கப்பலைத் தாமதிக்கவைக்கிறது என்று பாடப்புத்தக அறிவோடு சிலர் சொல்லக்கூடும். மன்னார் வளைகுடாவில் இந்த ஊர்க் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதன்மேல் பழிபோட முடியாது. பழி காற்றின் மீதும், ஆழம் குறைந்த கரையின் மீதுமே.

ஆழம் குறைந்த கரை என்பது சின்னச் செய்தி அன்று. பழைய துறைமுகத்தில் நீராவிக் கப்பல் கரைக்கே வராது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தோணியிலும் படகிலும் போய் ஏறவேண்டும். 1876-இல் ரயில் இந்த ஊரைத் தொட்டது. அதன்பின் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர் இங்கே இறங்கிக் கப்பலேறினார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் வழி வந்தபின்தான் அந்த வரத்து திசைமாறியது. ரயில் வந்தது, கப்பல் தூரத்தில் தெரிகிறது, நடுவில் கடல் கொந்தளிக்கிறது. ரயில்காரருக்கும் கப்பல்காரருக்கும் இடையில் இருந்த அந்த இடுக்கிலேதான் தூத்துக்குடியின் சத்திரங்களும் சாப்பாட்டுக் கடைகளும் வளர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டதையும் சொல்லவேண்டும். அவர்களுக்குக் கூடிய நாட்களில் சுவை ஒன்றும் இருந்திருக்காது. தங்கவைப்பது கடல்வாசலின் இயல்பு, யாரை எப்படித் தங்கவைக்கிறது என்பது அதிகாரத்தின் இயல்பு. காத்திருக்கும் பயணி எவ்வளவு பெரிய பொருள் என்பதை வ.உ.சி. காலம் இன்னும் தெளிவாகக் காட்டும். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடி–கொழும்புக்குக் கப்பல் விட்டதும், எதிரிலிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் பயணிக்குக் குடை இனாமாகக் கொடுத்தது என்றும் சொல்வார்கள். கரையில் நிற்கிறவனுக்காக இரண்டு கப்பல்கள் அடித்துக்கொண்ட ஊர் இது. நிற்பதற்கு இவ்வளவு மரியாதை வேறெந்த ஊரில் கிடைத்திருக்கிறது?

ஊரின் விளைபொருள்களைப் பார்த்தால் சான்று இன்னும் வலுக்கிறது. உப்பை எடுத்துக்கொள்வோம். கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் நிறுத்தி, அது தானாகச் சுண்டி மணியாகும்வரை இருக்கவேண்டும். உப்பு வாருகிறவர் உழைப்பு கொடியது, ஆனால் எவ்வளவு உழைத்தாலும் வெயிலை அவசரப்படுத்த முடியாது. முத்து எடுத்த காலத்தில் சிப்பியைக் குவித்துவைத்து, சதை அழுகி உதிரும்வரை நாட்கணக்கில் விட்டு, பிறகுதான் கழுவித் தேடினார்கள். அதற்குமேல் ஒரு காத்திருப்பும் சேர்ந்திருக்கிறது. இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். முத்துநகர் என்ற பெயரை வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுக்கு மேலாக அடுத்த முத்துக்காகப் பொறுத்திருக்கும் ஊரில், பழுதான காரின் உதிரிப்பாகத்துக்காக ஒரு நாள் இருக்க முடியாது என்று ஒருவர் முகம் சுளித்தால் அது பண்பாட்டுக் குறைவு. மக்ரூனும் இந்த வரிசைதான். முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து, கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து ஈரத்தை விரட்டுகிறார்கள். சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் வெளியே நிறம் மாறும், உள்ளே பிசுபிசுக்கும். ஆக, காத்திருக்காமல் இந்த ஊரில் எதுவும் உருவாவதில்லை. பயணி மட்டும் விதிவிலக்குக் கேட்பதில் நியாயம் தெரியவில்லை.

இன்றைய உடனடிக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம், எல்லோரும் அறிந்தவை. பெரும்பாலும் கார்ப் பட்டறைக்காரரின் ‘அண்ணாச்சி, சாமான் மதுரையிலேருந்து வரணும், நாளைக்குக் காலைல கண்டிப்பா முடிச்சிரலாம்’ என்ற வாசகத்தில் கூடுதல் நாள் தொடங்குகிறது. இந்த வாசகத்தில் ‘நாளை’ என்பது காலப்பெயர், ‘காலை’ என்பது ஆறுதல், ‘கண்டிப்பா’ என்பது அசைச்சொல், பொருள் வேறில்லை. மற்றொரு காரணம் வானிலை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண் உண்டு. ஒன்றும் இரண்டும் தூரத்துப் புயலைச் சொல்பவை. மூன்றும் நான்கும் உள்ளூருக்கானவை. ஐந்திலிருந்து ஏழுவரை அபாயம், எட்டிலிருந்து பத்துவரை பெரும் அபாயம். பதினொன்று என்ன சொல்கிறது? வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்கிறது. அதாவது, ‘எங்களுக்கும் தெரியாது’ என்பதற்கே ஓர் எண் வைத்திருக்கும் அறிவுத்துறை இது. தெரியாமையை இவ்வளவு ஒழுங்காகக் கம்பத்தில் ஏற்றிக் காட்டும் இடத்தில், மூன்றாம் நாள் கன்னியாகுமரி என்று பென்சிலால் எழுதிவைத்திருப்பவர்தான் ஒட்டாமல் தெரிகிறார்.

எதிர்வாதங்களில் முதன்மையானது திணைவாதிகளுடையது. காத்திருத்தல் முல்லைக்குரியது, இருத்தல் அதன் உரிப்பொருள், நெய்தலுக்கு எப்படி அதைத் தூக்கிக் கொடுக்கலாம் என்பார்கள். கனமான வாதம். ஆனால் முல்லையில் இருப்பவளிடம் தவணை இருக்கிறது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், மேகத்தைப் பார்த்தால் கணக்குத் தெரியும். அது முன்பதிவு செய்த காத்திருப்பு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அங்கே தவணை கிடையாது. இலக்கணம் நெய்தலுக்கென்று தனிப் பெரும்பொழுது எதையும் குறிக்காமல் ஆறு பருவங்களையும் கொடுத்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் நேரலாம் என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டாம். சிறுபொழுது எற்பாடு, சூரியன் சாயும் நேரம். பட்டறைக்காரர் தொலைபேசியை எடுக்காமல் போவதும் அந்நேரத்தில்தான். இரங்கல் மட்டுமின்றி ‘இரங்கல் நிமித்தமும்’ உரிப்பொருளுக்குள் அடங்கும் என்பதால், எடுக்கப்படாத அந்த அழைப்பையும் அகப்பொருளில் சேர்க்கத் தடையில்லை. சொல்லாராய்ச்சியும் நம் பக்கமே. நங்கூரம் என்பது பாரசீகத்து ‘லங்கர்’ என்ற சொல்லின் வழிவந்தது. அதே சொல் அங்கே வழிப்போக்கருக்குச் சோறு போடும் இடத்தையும் குறிக்கிறது. நிறுத்திப்பிடிக்கும் இரும்பும், நின்றவனுக்கு வைக்கும் இலையும் ஒரே பெயர் பெற்றது தற்செயல் என்றால் நான் ஆய்வையே விட்டுவிடுகிறேன். இன்னும் ஒருபடி போய், துறை என்பது துறத்தலிலிருந்து வந்தது, திட்டத்தைத் துறக்கும் இடமே துறை என்று வாதிட ஆசைதான். அது பொய் என்று தெரிந்தே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் ரயில் சந்திப்புகளின் சார்பில் வரும். காத்திருப்புதான் அளவுகோல் என்றால் பக்கத்து வாஞ்சி மணியாச்சி எதில் குறைந்தது, அங்கே நின்றவர்கள் கொஞ்சமா? நின்றார்கள். ஆனால் சந்திப்பில் காத்திருப்பு மணிக்கணக்கில் முடிகிறது, பலகையில் நிமிஷம்வரை எழுதியிருக்கிறது, ஒலிபெருக்கி வருத்தம் தெரிவிக்கிறது. வருத்தம் தெரிவிக்கப்பட்ட தாமதம் குறை ஆகிவிடும், நாள் ஆகாது. மலைவாசஸ்தலக் கட்சியினருக்குப் பதில் இன்னும் சுருக்கம்: ஊட்டியில் ஒரு நாள் கூடினால் அது விடுமுறை நீட்டிப்பு, கேட்பவர் பொறாமைப்படுவார். தூத்துக்குடியில் ஒரு நாள் கூடினால் கேட்பவர் ‘ஏன், என்ன ஆச்சு?’ என்பார். அந்தக் கேள்வி எழுந்தால்தான் அது உண்மையான கூடுதல் நாள். நவீனவாதி ஒருவர் எழுந்து, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இப்போது வ.உ.சி. பெயரில் பெட்டி பெட்டியாகச் சரக்கை ஏற்றி இறக்கும் இடத்தில் காத்திருப்பைப் பேசுவது பழங்கதை என்று சொல்லலாம். அவருக்கு வாடகைக் கப்பல் ஒப்பந்தங்களைப் படிக்கக் கொடுக்கவேண்டும். சரக்கேற்றவும் இறக்கவும் இத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ‘நாள்’ ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தா சேர்க்காமலா, மழை பெய்த மணிநேரங்களைக் கழித்தா கழிக்காமலா என்று லண்டன் நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேல் வழக்குக் கேட்டிருக்கின்றன. நாள் கடந்தால் டெமரேஜ், தாமதக் கட்டணம். முன்னதாக முடித்தாலோ கப்பல்காரர் திருப்பித் தருகிறார், பெரும்பாலும் தாமதக் கட்டணத்தில் பாதியை. கவனிக்கவும்: மிச்சப்படுத்திய நாளுக்கு அரைப்பங்கு விலை, கூடிப்போன நாளுக்கு முழு விலை. கூடுதல் நாள் மிச்சமான நாளைப்போல இரண்டு மடங்கு பெறுமதியுள்ளது என்பதைக் கடல் வணிகமே ஒப்பந்தம் போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறது. சாலைவழிப் பயணிகள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

செலவு கூடுகிறதே என்பார் குடும்பத்தின் நிதிப் பொறுப்பாளர். கூடும். லாட்ஜ் ஒன்றுக்கு இரண்டாகும். மக்ரூன் கணக்கும் மாறும். கடைசி நாளில் வாங்குவது முறை. கடைசி நாளே இரண்டாகிவிட்டால் இரண்டு முறை வாங்குவதும் முறைதான். முதல் தடவை சொந்தக்காரர்களுக்காக வாங்கிய பெட்டி கூடுதல் நாளின் மத்தியானத்திலேயே திறக்கப்பட்டுவிடும். கடற்காற்றின் ஈரத்தில் அது நமத்துவிடும் என்று விஞ்ஞானக் காரணமும் சொல்லப்படும். ‘பார்க்க என்ன இருக்கிறது’ என்ற கேள்விக்கு முயல் தீவு, ரோச் பூங்கா, பனிமய மாதா கோயில் என்று பட்டியல் போட்டு மறுக்கலாம். ஆனால் பட்டியல் போட்டவுடன் அது மறுபடி அட்டவணையாகிவிடுகிறது. இந்த நாளுக்கு உரிய காட்சி வேறு. சாயங்காலம் கரையில் நின்றால், இடம் கிடைக்காத கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு விளக்கேற்றிக்கொண்டு நிற்கும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14வரையான 61 நாள் தடைக்காலமாக இருந்தால் விசைப்படகுகளும் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுகிறவர் பின்னிக்கொண்டிருப்பார். யாரும் யாரிடமும் ‘எப்போது கிளம்புகிறீர்கள்’ என்று கேட்பதில்லை. அப்புறம் பரோட்டாக் கடையில் கல் காயும். சால்னா தீருமுன் போய்விடவேண்டும் என்ற ஒரே அவசரம் அங்கே அனுமதிக்கப்பட்டது. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்ற பழமொழியைச் சோகத்துக்கு மருந்தாகச் சொல்கிறோம். கடற்கரை நடைமுறையில் அது வெறும் சாப்பாட்டு விதியாகவும் இருக்கலாம், கை பரோட்டாவைப் பிய்க்கத் தேவைப்படுகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு தருக்கச் சங்கடம் மிஞ்சுகிறது. அதை மறைப்பது ஆய்வறமாகாது. வாதம் சரியென்றால், தென்கரைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தூத்துக்குடிக்கு ஒரு நாள் சேர்த்து எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். எழுதிய கணத்தில் அந்த நாள் செத்துவிடும். எழுதப்பட்ட நாள் கூடுதல் நாளாகாது; அதன்மேல் இன்னொன்று கூடினால்தான் உண்டு. ‘ஓய்வு’ என்று எழுதி வெற்றிடமாக விட்டாலும் இதே கதிதான், வெற்றிடமும் ஒரு கட்டம்தானே. தூர்த்து எழுப்பிய குடி என்பதால்தான் தூத்துக்குடி என்று பெயர்க்காரணம் சொல்வாருண்டு. பள்ளத்தைத் தூர்ப்பதை ஊர் பார்த்துக்கொள்ளும். பள்ளத்தை நாம் முன்கூட்டி வெட்டிவைக்க முடியாது. ஆகவே அட்டவணை போடுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: எதையும் மாற்றாதீர்கள். ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில், அதே அடைப்புக்குறிக்குள், ‘வழியில்’ என்றே தொடர்ந்து எழுதி வாருங்கள்.